வெளிநாடு போனால் முதல் மூன்று மாதம்தான் கஷ்டமா?

கேள்வி, 4 பெப்ரவரி 2024
தம்பி கட்டாருக்குப் போய் ஒன்பது மாதம். முதல் மூன்று மாதம் அழுவான், பிறகு பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் அந்த மூன்று மாதமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். மெட்ரோ, கடற்கரை, உயர்ந்த கட்டடம் என்று படமாக அனுப்பித் தள்ளினான். இப்போதுதான் மோசம். கோல் எடுத்தால் "ம்", "சரி", "சாப்பிட்டன்", அவ்வளவுதான். அம்மா அவனைத் திரும்பக் கூப்பிடு என்கிறா. ஏஜென்சிக்குக் கட்டுவதற்காகப் பட்ட கடன் இன்னும் முடியவில்லை. போய் இருந்து வந்தவர்கள் சொல்லுங்கள், இது எப்போது சரியாகும்?
(புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா)

4 பெப்ரவரி, இரவு
அந்த மூன்று மாதக் கணக்கை எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் போனது 2017 ஏப்ரலில். டோஹா தொழிற்பேட்டை, சனையா என்று எல்லாரும் சொல்கிற இடம், ஒரு கட்டட வேலைக் கொம்பனியின் களஞ்சியம். முதல் மூன்று மாதம் அழுவதற்கு நேரமே இல்லை அக்கா. மருத்துவச் சோதனை, கைரேகை, ஐடி வரும்வரை கேம்புக்கு வெளியே போகப் பயம், சாமான்களின் பெயரை ஹிந்தியில் பழக வேண்டும், ஒரு ரூமில் இத்தனை பேர் என்றால் குளிக்கிற முறை எப்போது வரும் என்று ஒரு கணக்கு. மனசுக்கு வேலை இருந்தது. அதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் மனசு சும்மா இருந்து யோசிக்கத் தொடங்கும். ஒன்பதாவது மாதத்தில் தம்பி சோர்ந்து போயிருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கூப்பிட அவசரப்படாதீர்கள். முதலில் சம்பளம் மாதாமாதம் கையில் வருகிறதா என்று பாருங்கள். வாயால் கேட்டால் "வருது" என்பான். வங்கியிலிருந்து வருகிற தகவலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு ஞாபகம் என்று பொடியன்கள் சொல்வதில் பாதி சம்பளம் பிந்தின கதைதான். கடன் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு அதைச் சொல்ல வாய் வராது.

5 பெப்ரவரி
இந்த மாதக் கணக்கு சும்மா ஊர்க்கதை இல்லை, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கொரோனா நேரம் ரூமில் அடைபட்டுக் கிடந்தபோது போனில் தேடி வாசித்தேன். 1955இல் லிஸ்கோர் என்ற நோர்வேக்காரர், அமெரிக்காவுக்குப் புலமைப்பரிசிலில் போய் வந்த தன் நாட்டவர் இருநூறு பேருக்கு மேல் விசாரித்திருக்கிறார். ஆறு மாதத்துக்குள் திரும்பினவர்கள் நன்றாக இருந்தோம் என்றார்கள். 18 மாதத்துக்கு மேல் நின்றவர்களும் அப்படியே. இடையில் நின்றவர்கள்தான் திண்டாடியிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் தம்பி இப்போது நடுப்பள்ளத்தில் நிற்கிறான்.

ஆனால் 1998இல் கொலின் வார்ட் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பான் மாணவர்களை, போய் இறங்கின நாளிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்கள். அங்கே இறங்கின புதிதில்தான் ஆக மோசம். முதலில் குஷி, பிறகு சரிவு என்ற கதை பொருந்தவில்லை.

எனக்கு இரண்டிலும் ஒரு குறை. இரண்டும் படிக்கப் போனவர்களைப் பற்றியது. வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுப் போனவனை அவர்கள் கேட்கவில்லை. புலமைப்பரிசில்காரனுக்குத் தாலிக்கொடி அடகில் இல்லை.

5 பெப்ரவரி, பின்னேரம்
"களஞ்சியத்தில் நின்ற அண்ணை ஆராய்ச்சி கதைக்கிறார்" என்று ஒரு தம்பி பகிடி விட்டிருக்கிறார். தம்பி, ஆணிப் பெட்டி எண்ணி முடிந்த பிறகும் டியூட்டி முடிய ஐந்து மணித்தியாலம் கிடக்கும். அதில் ஆள் ஒன்றில் பேராசிரியராக வேண்டும் அல்லது சிகரெட் பழக வேண்டும். நான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

11 பெப்ரவரி
ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தேன். மாதத்தை எண்ணுவதே சரியில்லை என்று படுகிறது. என் மனசு விழுந்த நேரங்களை எடுத்துப் பார்த்தால் அவை டோஹாக் கலண்டரில் இல்லை, என் ஊரான வட்டக்கச்சியின் கலண்டரில் இருக்கின்றன. ஐப்பசியில் காலபோக விதைப்பு, மழை பிந்தினால் அப்பாவின் குரலே மாறிவிடும். தை, மாசியில் அறுவடை, வெட்டுகிற மெஷின் வந்ததா, நெல் என்ன விலை போகிறது. பங்குனி, சித்திரையில் சிறுபோகக் கூட்டம், இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கருக்கு விடுவார்கள், எங்கள் பங்கு எவ்வளவு. அந்தக் கூட்டம் நடக்கிற அன்று நான் டோஹாவில் பைப் பொருத்துகளை எண்ணிக்கொண்டே போனைப் பார்த்தபடி நிற்பேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அதற்கு முன்னால் மே நடுப்பகுதி வேறு, 2009இல் போர் முடிந்த நாட்கள். அந்த நாட்களில் யாருடனும் கதைக்கப் பிடிக்காது. ரூமில் இருந்த கேரளத்து அண்ணன் "எந்து பற்றி", என்ன நடந்தது, என்று கேட்பார். அவருக்கு எங்கே தொடங்கிச் சொல்வது.

சந்தோசமும் அதே கலண்டரில்தான் வரும். முதல் மழைக்கு முற்றத்தில் தண்ணீர் ஓடுகிற வீடியோ வந்தால் அன்று முழுக்க நான் ராசா.

ஆக மோசமான இரவு 2018 டிசெம்பர் 21. வெள்ளிக்கிழமை, லீவு நாள், சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இரவு போன் நிறைய வெள்ளம். இரணைமடு வான் கதவுகள் திறந்தாயிற்று, சனம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தகவல். அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, மாட்டை அவிழ்த்து விட்டார்களா, ஒன்றும் தெரியாமல் விடிந்தது. அதற்கு முதல் ஊரில் நடந்த எந்தக் கெடுதிக்கும் நானும் நடுவில்தான் நின்றிருக்கிறேன். அந்த முறை நான் ஏசி ரூமில், காய்ந்த கட்டிலில். அதைத்தான் தாங்க முடியவில்லை.

18 பெப்ரவரி
ஒருவர் கேட்டிருக்கிறார்: "இடம்பெயர்ந்தே வளர்ந்த வன்னிச் சனத்துக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?"

இதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். 2008 கடைசியில், இறுதிப் போர் நேரம், நாங்கள் வட்டக்கச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று போய்க் கடைசியில் மெனிக் பாம் முகாமில் நின்றோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. அதில் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்று, அப்போது ஊரே கூட வந்தது. பக்கத்து வளவுக்காரர் பக்கத்துத் தறப்பாளில்தான் இருந்தார். எல்லை வேலிக்குச் சண்டை பிடித்துப் பத்து வருடம் கதைக்காத ஆளும் அப்பாவும் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள், அங்கேயும் கதைக்கவில்லை என்பது வேறு விஷயம். பயமும் பசியும் இருந்தன, தனிமை மட்டும் இல்லை.

கட்டாரில் எல்லாம் தலைகீழ். சாப்பாடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, தலைக்கு மேல் எதுவும் விழாது. அழுவதற்குக் காரணம் காட்டத்தான் முடியவில்லை. "அதையே தாண்டி வந்தவன், இதற்குப் போய் அழுகிறாயா" என்று என்னை நானே கேட்பேன். அந்தக் கேள்வியால் ஒரு நாளும் மனசு தேறினதில்லை, வெட்கம்தான் கூடினது. தயவுசெய்து அக்கா, வீட்டில் யாரும் தம்பியிடம் இதைக் கேட்காதீர்கள். முக்கியமாக மாமாமார்.

20 பெப்ரவரி
"ஒப்பாரியாகவே இருக்கிறது, நல்லது ஒன்றும் இல்லையா" என்று ஒரு முறைப்பாடு. இருந்தது, நிறைய இருந்தது. முதல் சம்பளத்தை அனுப்பிவிட்டு ஒரு ரியாலுக்குக் கரக் தேநீர் வாங்கிக் குடித்த பின்னேரம். வெள்ளிக்கிழமை சூக் வாகிஃப் சந்தைப் பக்கம் சும்மா நடப்பது. எந்த ஊர், யாருடைய மகன் என்று ஒருவரும் கேட்காத இடத்தில் நடப்பதே ஒரு சுகம், எங்கள் ஊரில் சைக்கிளை ஒரு கடையில் கூடுதலாக நிறுத்தினாலே அம்மாவுக்குச் செய்தி போய்விடும்.

அப்புறம் பொலன்னறுவைப் பொடியன். என் கட்டிலுக்கு மேல்கட்டில். அவனும் வயல்காரன் மகன். நான் சிங்களம் பழகியது அவனிடம்தான், டோஹாவில், அதுவும் தண்ணீர்க் கதை கதைத்து. அவன் பராக்கிரம சமுத்திரத்தில் எத்தனை அடி என்பான், நான் இரணைமடுவில் எத்தனை அடி என்பேன். யாருடைய குளம் பெரிது என்று சண்டை வரும். அவனுடையதுதான் பெரிது என்பான், அதை நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதத்தில் மட்டும் இரண்டு பேரும் ஊர்க்கதையே எடுக்க மாட்டோம். ஏன் என்று அவன் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

இன்னொன்று. நான் போய் இரண்டு மாதத்தில், 2017 ஜூன் 5, சவூதியும் எமிரேட்சும் பஹ்ரைனும் எகிப்தும் கட்டாரோடு உறவை முறித்தன. ஊர்ப் பத்திரிகையில் அதைப் பார்த்த அம்மாவுக்குப் போர்க்காலத்தில் வன்னிக்கு இருந்த பழைய பொருளாதாரத் தடைதான் கண்ணில் நின்றது, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. "அரிசி இருக்கா, கொஞ்சம் ஒளிச்சு வை" என்றா. நான் அன்று துருக்கியிலிருந்து வந்த தயிரை எந்தக் கறியோடு சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

3 மார்ச்
முதல் லீவைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். எனக்குப் போன புதிதை விட, லீவில் வந்துவிட்டுத் திரும்பப் போனதுதான் மோசம். முதல் தரம் போகும்போது தெரியாத இடத்துக்குப் போகிறோம், ஏதாவது நல்லது இருக்கும் என்று ஒரு நப்பாசை இருக்கும். இரண்டாம் தரம் எல்லாம் தெரியும். எந்தக் கட்டில், எந்தப் பஸ், எந்த வெயில். கட்டுநாயக்காவுக்கு இரவு வான், முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து ஒரு கச்சான் சரை வாங்கினோம், மாங்குளம் தாண்டும்வரை அம்மா கதைத்துக்கொண்டே வந்தா, பிறகு ஓமந்தை வரை ஒருவரும் கதைக்கவில்லை. லீவு முடிந்து போன முதல் மாதம் நான் வீட்டுக்குக் கோல் எடுத்ததே குறைவு. கோபம் இல்லை. குரலைக் கேட்டால் டியூட்டிக்கு எழும்ப முடியாது, அதுதான்.

கோல் விஷயத்தில் ஒன்று. அவனுக்கும் உங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் இரவு ஒன்பதுக்கு எடுக்கும்போது அங்கே ஆறரை, பஸ்ஸில் நின்றுகொண்டோ உடுப்புத் தோய்த்துக்கொண்டோ இருப்பான், சுற்றி ஆட்கள். அந்த நேரம் "ம்" தவிர வேறு என்ன வரும்? வெள்ளிக்கிழமை எடுங்கள்.

10 மார்ச்
அக்கா எழுதியதைப் பார்த்தேன். நினைத்ததுதான். இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது, தம்பி கூட இருக்கிறவனிடம் கடன் வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அவனை ஏசாதீர்கள்.

கட்டாரில் 2015இலிருந்து சம்பளம் வங்கி வழியாகத்தான் போட வேண்டும், கொடுக்க வேண்டிய திகதியிலிருந்து ஏழு நாளுக்குள். பிந்தினால் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். தனியாகப் போகாமல் சம்பளம் வராத எல்லாரும் சேர்ந்து போகச் சொல்லுங்கள். 2021 மார்ச்சிலிருந்து ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1000 ரியால், கொம்பனி சாப்பாடும் இடமும் தராவிட்டால் அதற்கு 300உம் 500உம் வேறு. 2020இல் சட்டம் மாறின பிறகு, பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாறலாம், முன்னறிவித்தல் கொடுத்தால் போதும். கடதாசியில் இருப்பது எல்லாம் உடனே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனக்கு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பொடியன் நித்திரை கொள்வான்.

நித்திரையே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோசனம் என்ற மாதிரிக் கதை வந்தால், அப்போது கடனைப் பார்க்காமல் கூப்பிடுங்கள். அம்மாவைப் பார்க்கவும் ஆள் வேண்டும், 1926க்கு எடுத்தால் தமிழிலும் கதைக்கலாம், மனநலத்துக்கான தேசிய இலக்கம் அது.

11 மார்ச்
நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு என் சித்தியின் ஞாபகம். குவைத்தில் வீட்டு வேலைக்கு நின்றவ. போன் வீட்டுக்காரியின் அலமாரியில், கிழமைக்கு ஒரு தரம் பத்து நிமிசம். வெள்ளிக்கிழமை லீவு இல்லை, சனையா இல்லை, கூட இருந்து பகிடி விட ஒரு பொலன்னறுவைப் பொடியன் இல்லை. திரும்பி வந்தபோது கடைசி மகள் அம்மம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். நாங்கள் இங்கே எழுதுகிற ஏற்ற இறக்கமெல்லாம் போன் கையில் இருந்தவர்களின் கதை. சித்தியிடம் கேட்டால் "ஏறினது எங்கேயடா" என்பா.

24 மார்ச்
கொரியா பற்றிக் கேட்டவருக்கு: மச்சான் முறையான ஒருவன் அங்கே பக்டரியில். பரீட்சை எழுதிப் போனவன். காசு நல்ல காசு, எங்கள் சம்பளத்தோடு ஒப்பிடவே கூடாது. ஒரு தவணை 4 வருடம் 10 மாதம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. குளிர் ஒரு பிரச்சினை இல்லை, சனையாவில் தமிழும் மலையாளமும் காதில் விழும், அங்கே அது கூட இல்லை என்கிறான். மற்றபடி எனக்குத் தெரியாத ஊர், மேலே அளக்கவில்லை.

7 ஏப்ரல்
திரும்பி வருவதைப் பற்றி எழுது என்று இரண்டு மூன்று பேர். வந்தது 2021 தொடக்கத்தில், தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருந்துவிட்டுத்தான் வீடு. யோசித்து வைத்தது: சேர்த்த காசில் குத்தகைக்குக் கூடுதலாக வயல் எடுத்து முழுநேர விவசாயம். அந்த மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் காலபோக விதைப்பு முடிந்திருந்தது. பயிர் மஞ்சளடித்து நின்றது. விளைச்சலை எழுதவில்லை, அப்பா இதை வாசிப்பார்.

அடுத்த வருடம் வேறு விதமான அடி. நான் வரும்போது ஒரு ரியால் ஐம்பது ரூபாவைச் சுற்றி நின்றது. 2022 மே மாதம் நூறை நெருங்கியது. அங்கேயே நின்றவர்களின் சம்பளம் ஊர்க் கணக்கில் இரட்டிப்பு. நான் பரந்தன் சந்தியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடி, கூட வேலை செய்தவன் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் நாட்டிலிருந்து 3 லட்சம் பேருக்கு மேல் வேலைக்கு வெளியே போனார்கள். நானும் கடவுச்சீட்டை இரண்டு தரம் வெளியே எடுத்தேன், இரண்டு தரம் திரும்ப வைத்தேன்.

9 ஏப்ரல்
நேற்றுமுன்தினம் எழுதினதில் காசு மட்டும்தான் இருக்கிறது. இன்னொன்று இருந்தது, சொல்லக் கொஞ்சம் கூச்சம். வந்து சில மாதத்தில் எனக்கு டோஹா ஞாபகம் பிடித்துக்கொண்டது. அந்தச் சனையாத் தூசியும் டீசல் மணமும்கூட. இரவில் மயில் அகவினால் நித்திரை குழம்பும், ஏசி இரைச்சல் இல்லாமல் கண் மூட முடியாது. ஊரில் இருந்துகொண்டு வேறு எங்கோ ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது, "காசுத் திமிர்" என்பார்கள். எல்லாரும் கேட்டது எவ்வளவு சேர்த்தாய் என்றுதான். அங்கே எப்படி இருந்தாய் என்று கேட்ட ஒரே ஆள் சித்தி.

இதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது, திரும்பின பிறகு இரண்டாவது பள்ளம் வரும் என்று 1963இல் கல்லஹோர்ன் தம்பதி எழுதியிருக்கிறார்கள். அதை நான் வாசித்தது வந்த பிறகுதான், எனக்கு மட்டும் இல்லை என்று கொஞ்சம் நிம்மதி.

12 மே
அக்கா, நல்ல செய்தி. ஒரு மாதச் சம்பளம் வந்துவிட்டது, மற்றதுக்குத் தவணை சொல்லியிருக்கிறார்கள், வருட லீவு மூன்று கிழமையும் கிடைத்திருக்கிறது, வற்றாப்பளைப் பொங்கலோடு வருவான். குதிக்காதீர்கள், சில விஷயம் முன்கூட்டியே செய்து வையுங்கள். திரும்பப் போகிற திகதியை அம்மாவுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் நித்திரை கொள்ள விடுங்கள், வீடு வீடாகக் கூட்டித் திரியாதீர்கள். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அவனுக்கு இல்லை என்று சொல்ல வராது. திரும்பிப் போன முதல் மாதம் கோல் குறைந்தால் பயப்பட வேண்டாம், 3 மார்ச்சில் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆட்டக்காரி அரிசி கொஞ்சம் தேடி வையுங்கள். கோழி வாங்கினால் ஊர்க்கோழியாகப் பாருங்கள், பிறொய்லரைத் தின்று தின்று அலுத்துப்போய்த்தான் வருவான்.